இடுப்பளவு நீலக்கோடு

பல் டாக்டர் மேயர் தேர்தலில் நிற்கிறார் என்றதும் ஊரில் முதலில் கிளம்பிய பேச்சு, ஜெயித்தால் வரியையாவது வலிக்காமல் பிடுங்குவார் என்பதுதான். டாக்டரும் அதைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் அவருடைய திட்டங்கள் சிரிப்பதற்கானவை அல்ல. பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் நிழல் மரம் நட வேண்டும். நடைபாதைக் கல்லுக்கு அடியில் சிமெண்டுக்குப் பதில் சரளை போட்டு, மழைத் தண்ணீரைத் தரை குடிக்கும்படி செய்ய வேண்டும். இவை இரண்டையும் யாரும் எதிர்க்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. ஊரே கவனித்தது மூன்றாவது திட்டத்தை. அதுதான் நீலக்கோடு.

நீலக்கோடு என்பது வேறொன்றுமில்லை. அடுத்த பெருமழையில் ஆறு கரை தாண்டினால் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கும் என்று பொறியியல் கல்லூரிக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு ஒரு வரைபடமாக யாருடைய அலமாரியிலோ தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை வாங்கி, ஊரின் விளக்குக் கம்பங்களில் ஒரு கோடாக வரைந்துவிடலாம் என்றார். எக்ஸ்ரே மாதிரிதான். பல் இன்னும் வலிக்கவில்லை, ஆனால் சொத்தை எதுவரை போயிருக்கிறது என்று படத்தில் தெரிந்துவிடும். வலிப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டால் அடைத்துவிடலாம், வலித்த பிறகு வந்தால் பிடுங்கத்தான் வேண்டும். இதை அவர் மேடைக்கு மேடை சொன்னார்.

கோடு போடும் வேலை டாக்டரின் கணவருடையது. ஊரில் அவருக்குப் பல்செட்காரர் என்று பெயர். மனைவியின் ஆஸ்பத்திரிப் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவர். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரு நூலளவு தப்பினாலும் வாய்க்காரர் திட்டிக்கொண்டே திரும்பி வருவார் என்பதால், மட்டம் என்ற விஷயத்தில் அவருக்கு ஒரு பக்தியே உண்டு.

ஒரு தெரு முழுவதும் ஒரே மட்டத்தில் கோடு போட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். கண்ணாடி போன்ற நீளமான பிளாஸ்டிக் குழாயில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை இந்தக் கம்பத்திலும் மறு முனையை அந்தக் கம்பத்திலும் பிடிக்க வேண்டும். நடுவில் குழாய் பாம்பாகச் சுருண்டு கிடந்தாலும் சரி, சாக்கடையைத் தாண்டிப் போனாலும் சரி, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் வந்து நிற்கும். தண்ணீருக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, முனையை விரலால் மூடிவிடக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் தண்ணீர் பொய் சொல்லாது.

கோடு மட்டமாக இருக்கும், ஆனால் தெரு அப்படி இருக்காது. ஆற்றை நோக்கிச் சரியும் தெருவில், மேல்முனையில் கணுக்காலுக்கு இருக்கும் கோடு, கீழே இறங்க இறங்க முழங்காலுக்கு ஏறி, கடைசி வீட்டில் இடுப்புக்கு வந்துவிடும். ஏறியது கோடு அல்ல, இறங்கியது தரை. இதைத் தெருக்காரர்களுக்கு விளங்க வைப்பதற்குள் பல்செட்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. என் வீட்டுக்கு மட்டும் ஏன் உயரமாகப் போட்டாய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

கோட்டுக்கேற்ற வைத்தியத்தையும் டாக்டர் அறிவித்திருந்தார். கோடு முழங்காலைத் தொட்ட வீடுகளில் நகராட்சியே சுவிட்ச் போர்டுகளைத் தலை உயரத்துக்கு ஏற்றித் தரும். வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறவர்களைவிட, தண்ணீருக்குள் போன சுவிட்சால் ஷாக் அடித்துச் சாகிறவர்கள் அதிகமாகிவிடக் கூடாது என்பது அவர் கவலை. இடுப்பைத் தொட்டால் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கித் தரும். கேட்டால் கதை போல இருக்கும், ஆனால் நடக்கிற காரியம்தான். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, இரும்பு விட்டங்களைச் செருகி, அடியில் வரிசையாக லாரி ஜாக்கிகளை நிறுத்துவார்கள். மேஸ்திரி விசில் ஊதும்போது எல்லா ஆட்களும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவார்கள். மறுபடி விசில், மறுபடி ஒரு சுற்று. வீடு நகம் வளர்கிற மாதிரி மேலே வரும். உள்ளே மேஜையில் வைத்த டீ சிந்தாது. பிறகு இடைவெளியில் செங்கல் கட்டிவிட்டு ஜாக்கிகளை உருவிக்கொள்வார்கள்.

பதவியில் இருந்த மேயர் இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். வராத தண்ணீருக்குக் கோடு போடுகிறவர், வந்த தண்ணீருக்கு என்ன செய்வார் என்று கேட்டார். வந்த தண்ணீருக்கு அவர் என்ன செய்தார் என்பது வேறு விஷயம்.

கோடுகள் விழத் தொடங்கிய பிறகு டாக்டரின் ஆஸ்பத்திரியில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, வாய் கொப்பளித்ததும் விஷயத்துக்கு வருவார்கள். வீட்டை விற்க இருக்கிறவர்களும் வாடகைக்கு விட இருக்கிறவர்களும் கோட்டைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார்கள். சுவிட்ச் போர்டும் ஜாக்கியும் இலவசம் என்று கேள்விப்பட்டவர்கள் கொஞ்சம் ஏற்றச் சொன்னார்கள். ஒரே வீட்டிலிருந்து அண்ணன் வந்து இறக்கச் சொன்னதும், தம்பி வந்து ஏற்றச் சொன்னதும் உண்டு. டாக்டர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். எக்ஸ்ரேயில் ரப்பர் வைத்து அழித்தால் சொத்தை போய்விடுமா?

இந்தப் பதிலைக் கேட்டு வாயடைத்துப் போகாதவள் ஒருத்திதான். அவள் பல்செட்காரரின் தங்கை.

தங்கை ஆற்றங்கரைப் பக்கம் சரிந்திறங்கும் தெருவின் கடைசி வீட்டில் தையல் கடை வைத்திருந்தாள். போன மழையில் வீட்டுக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர் வந்தது. அதற்கே தையல் மிஷின்களின் மோட்டார்கள் கருகி, தைக்க வாங்கி வைத்திருந்த துணியெல்லாம் சேற்று நிறமாகிவிட்டது. அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள், இந்த வீட்டை விற்றுவிட்டு எங்காவது மூன்றாவது மாடிக்குப் போவதென்று. மாடி வீடு ஒன்றும் பார்த்தாயிற்று. இந்த வீட்டுக்கும் ஒருவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, சுவரைத் தட்டி, கிணற்றை எட்டிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வாரம் அவள் வாசல் கம்பத்தில், சரியாக அவள் இடுப்புக்கு நேராக, சொந்த அண்ணன் கையாலேயே நீலக்கோடு விழுந்தது.

அவள் பின்னறைக்கு வந்து, காய்வதற்கு வைத்திருந்த பல்செட்டுகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கி உட்கார்ந்தாள். "ஏண்ணே, ஊருக்கெல்லாம் பல்லு கட்டுற, என் வாசல்ல வந்து என் பல்லைப் புடுங்கிட்டுப் போயிருக்க."

"நானாம்மா போட்டேன்? தண்ணி காட்டுச்சு, கோடு போட்டேன்."

"தண்ணிக்கு நான் தங்கச்சி இல்ல. உனக்குத் தங்கச்சி."

அவர் கத்தியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டே, வாங்குகிறவரிடம் மறைப்பது நியாயமா என்று மெல்லக் கேட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

"தண்ணி வருதுன்னுதான் அந்த வீட்டை விட்டுப் போறேன். தண்ணி வரும்னு சொன்னா விட்டுப் போக முடியாது. நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

முன்னறையில் யாருடைய பல்லையோ குடைந்துகொண்டிருந்த டாக்டர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டம் என்றால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பேன் என்று கேட்டார். தங்கை கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணி, நீங்க ஜெயிச்சு வாங்க. அதுக்குள்ள நான் நீச்சல் கத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் பல்செட்காரரின் தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது.

மறுநாள் உச்சி வெயிலில் அவர் நீலப் பெயிண்டும் சாம்பல் நிறப் பெயிண்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். நிழல் தர ஒரு மரம்கூட இல்லாத தெருவில் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. பழைய கோட்டைக் கம்பத்தின் நிறத்திலேயே மறைத்துவிட்டு, ஒரு முழம் கீழே புதுக்கோடு போட்டார். இடுப்பு முழங்காலானது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. பக்கத்துக் கம்பத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் இந்தக் கம்பத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அண்ணன் தங்கச்சி பாசம் என்று கேலி பேசிவிட்டு, யாராவது அன்றைக்கே அழித்தும் இருப்பார்கள். ஆனால் பல்செட்காரரால் அப்படி விட்டுவிட்டு வர முடியவில்லை. இந்தக் கம்பத்தில் தாழ்ந்தும் அந்தக் கம்பத்தில் உயர்ந்தும் நிற்கிற கோடு, ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த பல்செட்டைப் போல அவர் கண்ணை உறுத்தியது. அடுத்த கம்பத்திலும் ஒரு முழம் இறக்கினார். அதற்கடுத்ததிலும் இறக்கினார். நாடாவால் அளந்து இறக்கினாலே போதும்தான், ஆனாலும் மனசு ஒப்பாமல் வீட்டுக்குப் போய் டியூபை எடுத்து வந்து, ஒரு முனையைக் கம்பத்தோடு கயிற்றால் கட்டிவிட்டு, குமிழி இல்லையே என்று தட்டிப் பார்த்துச் சரி செய்தார். தெருவின் பாதியில், முன்பு கோடு ஒரு முழம் உயரத்தில் இருந்த இடத்தில், புதுக்கோடு தரையைத் தொட்டது. அதற்கு மேலே கோடே தேவைப்படவில்லை. மேட்டு வீடுகள் வெள்ளத்திலிருந்தே விடுதலை ஆகிவிட்டன.

வேலை அவ்வளவு சுத்தம். அந்தக் கல்லூரிக்காரர்களே வந்து பார்த்திருந்தாலும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது, உயரத்தைத் தவிர.

தெருக்காரர்கள் சாயங்காலம் வெளியே வந்து பார்த்தார்கள். கணக்கு தப்பு என்று தெரிந்து திருத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் இறக்கினால் அது சலுகை, தெருவுக்கே இறக்கினால் அது விஞ்ஞானம். எல்லோரும் நம்பினார்கள்.

வீடு வாங்க வந்தவரும் நம்பினார். மூன்றாவது தடவையாக வந்தவர் கம்பத்தைப் பார்த்தார், குனிந்து முழங்காலை வைத்து அளந்தார், வாசலோடு திரும்பிப் போய்விட்டார். என்ன ஆயிற்று என்று தங்கை புரோக்கரைப் பிடித்து உலுக்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மனுஷர் தேடிக்கொண்டிருந்ததே இடுப்புக் கோடு விழப்போகிற வீட்டைத்தான். கோட்டைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குவது, டாக்டர் ஜெயித்ததும் நகராட்சிச் செலவில் ஜாக்கி வைத்துத் தூக்குவது, தூக்கிய வீட்டை மேட்டு வீடு என்று விற்பது என்பது அவர் திட்டம். முழங்கால் அளவுக்குச் சுவிட்ச் போர்டுதான் கிடைக்கும். சுவிட்ச் போர்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? வேறு தெருவில் இடுப்பளவு வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம்.

டாக்டரின் திட்டத்தை முழுசாகப் படித்துப் புரிந்துகொண்டிருந்த ஒரே வாக்காளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

தங்கை அண்ணனைத் தேடிப் பின்னறைக்கு வந்தாள். "நான் கேட்டப்ப மாட்டேன்னே. சரின்னு போயிட்டேன். அப்புறம் எதுக்குண்ணே எனக்குத் தெரியாம நல்லது பண்ண?"

பல்செட்காரருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று அப்போதுதான் ஆரம்பமாகியிருந்தது. தங்கைக்கு எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரரும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாளுக்கு முட்டிவலி. படியேற முடியாவிட்டாலும் இடுப்புக் கோட்டுக்குப் பயந்து மாடியறையிலேயே படுத்திருந்தார். கோடு இறங்கியதும் தபால்காரர் கட்டிலைக் கீழே கொண்டுவந்து போட்டுவிட்டார். பல்செட்காரரை வழியில் பார்த்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி வேறு சொன்னார். முழங்கால் தண்ணீர்தானே, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் முடிந்தது என்றார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் பல்செட்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையைக் கழுவினார். திட்டவில்லை. தெரு முழுக்கவா என்று மட்டும் கேட்டார். மட்டமாக இருக்க வேண்டாமா என்றார் அவர்.

கட்சி ஆட்கள் தேர்தல் முடியட்டும் என்று கெஞ்சினார்கள். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, மழைக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது, எது முந்தி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். டாக்டர் கேட்கவில்லை. பட்டப்பகலில் கணவரின் கையில் டியூபின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு, மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு, கம்பம் கம்பமாகக் கோட்டைப் பழைய இடத்துக்கு ஏற்றினார். தெரு கூடிவிட்டது. முதலில் போட்ட கோடுதான் சரி, என் வீட்டுக்காரர் தன் தங்கைக்காக இதை இறக்கிவிட்டார், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று உரக்கச் சொன்னார்.

கல் விழும் என்றுதான் கட்சி ஆட்கள் பயந்தார்கள். கூட்டமோ பல்செட்காரரைப் புது மரியாதையோடு பார்த்தது. மேட்டு வீட்டுக்காரி ஒருத்தி எல்லோர் சார்பிலும் பேசினாள்.

"கூடப்பொறந்தவளுக்காக ஒரு தெருவையே காப்பாத்தின மனுஷன். அவரு பாட்டுக்கு இறக்குனாரு, நாங்க பாட்டுக்கு நிம்மதியா இருந்தோம். நீங்க வந்து எங்களை மறுபடி முழுக அடிக்கிறீங்களே டாக்டரம்மா."

தபால்காரர் மட்டும் உள்ளே போனார். அவரும் இரண்டு ஆட்களும் கட்டிலை மாடிக்கு ஏற்றும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் தோற்றுப்போனார். எண்ணும்போது அந்தத் தெருவின் பெட்டியில் சில செல்லாத ஓட்டுகள் வந்தனவாம். முத்திரை குத்தாமல், கணவர் நின்றால் போடுகிறோம் என்று எழுதியிருந்ததாம். பழைய மேயரே புது மேயராகி, பதவியேற்றதும் ஊரை அழகுபடுத்த உத்தரவு போட்டார். ஒரே வாரத்தில் எல்லாக் கம்பங்களிலும் நீலக்கோட்டின் மேல் வெள்ளிப் பெயிண்ட் ஏறியது. வெள்ள அபாயம் இவ்வளவு விரைவாக எந்த நகரத்திலும் நீங்கியதில்லை. இடுப்புக் கோட்டு வீட்டை வாங்கிய அந்த மனுஷர், ஜாக்கியும் இல்லாமல் கோடும் இல்லாமல், தன் வீட்டை யார் தலையில் கட்டுவது என்று புரோக்கர் பின்னால் அலைந்தார்.

கோடு போனதும் தங்கையின் வீட்டுக்கு ஆள் வந்தது. இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. மாடி வீடும் நல்லவேளையாக இன்னும் விலை போகவில்லை. அந்தக் கட்டடத்தில் லிப்ட் ஓடாததுதான் காரணம். எல்லாம் கூடி வந்திருந்தது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். குழந்தை கூடத்துத் தரையில் தவழ்ந்துபோய், சுவரடியில் இருந்த பிளக் பாயிண்டைத் தட்டிப் பார்த்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். பெரிய மழை வந்தா இங்க இடுப்பு வரைக்கும் தண்ணி வரும்னு கணக்குப் போட்டிருக்காங்க."

"இதுவரைக்கும் வந்திருக்கா?" என்று கேட்டான் கணவன்.

"கணுக்கால் வரைக்கும் வந்திருக்கு."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விற்கிற வீட்டை விற்கிறவளே குறை சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்று அவர்களுக்குத் தோன்றியது. வேறு யாரோ அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள், நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறாள். வெளியே போய்க் கொஞ்சம் பேசிவிட்டு வந்து, விலையை ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். அவள் மறுபடியும் தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். மூன்றாவது தடவை வாயைத் திறக்க அவளுக்கே பயமாக இருந்தது.

அன்று மாலை அவள் அண்ணனிடம் போகவில்லை, நேராக எலக்ட்ரீசியனிடம் போனாள். பத்திரம் எழுதுவதற்கு முன்பே வீட்டின் எல்லா சுவிட்ச் போர்டையும் பிளக்கையும் தலை உயரத்துக்கு ஏற்றச் சொன்னாள். சுவரில் பள்ளம் வெட்டி, பழைய வயர்க் குழாயை மூடி, மீட்டர் பெட்டியைப் படிக்கட்டின் மேல் திருப்பத்துக்கு நகர்த்தினார்கள். செலவு அவளுடையது. டாக்டரின் திட்டத்தில் சுவிட்ச் போர்டுப் பாதியாவது ஊரிலேயே ஒரு வீட்டில் நிறைவேறியது, அதுவும் விலை பேசி முடிந்துவிட்ட வீட்டில்.

சாவி வாங்க வந்த இளம் மனைவி கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "ஏங்கக்கா எல்லாத்தையும் மேல வச்சிருக்கீங்க?"

தங்கை சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தாள். "குழந்தை கை எட்டக் கூடாதில்லம்மா. அதான் ஏத்தச் சொன்னேன்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. விற்கிற வீட்டில் வரப்போகிற குழந்தைக்காக இவ்வளவு பார்த்துச் செய்கிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று அக்கம்பக்கமெல்லாம் போய்ச் சொன்னாள். குழந்தை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுவிட்டாள். அதற்கடுத்த வீட்டில் பேரன் பிறந்திருந்தான், அவர்களும் கேட்டார்கள். கம்பத்தில் கோடு போட்டும் மேடையில் தொண்டை வறளப் பேசியும் நகராத சுவிட்சுகள் வரிசையாக மேலேறத் தொடங்கின.

கடைசிச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த தங்கையிடம் எலக்ட்ரீசியன் வந்து, எதிர்வீட்டுத் தபால்காரர் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாமா என்றான். வேலை கிடைக்கிற உற்சாகம் அவனுக்கு.

"அவங்க வீட்டுல குழந்தை இல்லையேப்பா" என்றாள் அவள். தையல் மிஷினின் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "இரு, அவங்களுக்கு வேற ஒரு காரணம் யோசிச்சுச் சொல்றேன்."